ஜாவா குப்பை அள்ளிய நேரம்

நான் பணி ஓய்வு பெற்ற அன்று, என் பிரிவுப் பிள்ளைகள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எனக்கு விருந்து வைத்தார்கள். ரசம் வருவதற்கு முன்பே கேக் வந்துவிட்டது. அதன் மேல் நீலக் கிரீமில் -XX:-EnjoyRetirement என்று எழுதியிருந்தது.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஜாவா இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கும்போது கூட்டல் குறி போட்டால் ‘செய்’ என்று பொருள். கழித்தல் குறி போட்டால் ‘செய்யாதே’. பிள்ளைகள் கூட்டல் குறியோடுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கேக் கடைக்காரர் படுத்த கோட்டைப் போட்டார். நிமிர்ந்த கோட்டை மறந்துவிட்டார். ஆக, ஓய்வை அனுபவிக்காதே என்று கட்டளையிட்டு என்னை வழியனுப்பினார்கள்.

“சோரி அக்கா, கேக் கடையில தப்பு பண்ணிட்டாங்க” என்றாள் யாழினி. எனக்குப் பிறகு என் நாற்காலிக்கு வரப்போகிறவள்.

“பரவால்லமா. இப்படி ஒரு ஆப்ஷனே ஜாவாவுக்குத் தெரியாது. தெரியாத ஆப்ஷன் குடுத்தா அது கெளம்பவே கெளம்பாது. நாளைக்கு காலையில நானும் கெளம்ப மாட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பளம் உடைத்துக்கொண்டே யாழினி கேட்டாள்: “நெஜமா கேக்குறேன்க்கா, கோவிக்காதீங்க. இத்தனை வருஷமா நீங்க என்னதான் செஞ்சீங்க? இப்பல்லாம் எல்லாம் கன்டெய்னர்ல ஓடுது. மெமரியில இத்தனை பர்சன்ட் எடுத்துக்கன்னு ஒரு வரி போட்டா, மிச்சத்தை அதுவே பாத்துக்குது லா.”

கோபம் வரவில்லை. அவள் சொன்ன கன்டெய்னர் கண்ணுக்குத் தெரியாத ஒரு மென்பொருள் பெட்டி. என் வீட்டுக்காரர் முப்பது வருடம் இழுத்த கன்டெய்னர் நாற்பதடி இரும்பு. என் வேலையும் அவர் கன்டெய்னரும் சந்தித்துக்கொண்ட ஒரு கதை என்னிடம் இருக்கிறது. அன்று சாம்பாருக்கும் மோருக்கும் இடையில் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது கேரி தீவில். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். டிப்ளோமா முடித்து, கோலாலம்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தபோது, “என்ன வேலைம்மா?” என்றார். “ஜாவா வேலைப்பா” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. எங்கள் தோட்டத்து லைன் வீடுகளுக்குப் பின்னால் ஜாவாக்காரக் குடும்பங்கள் நிறைய உண்டு. “அவங்ககூட வேலை செய்யவா இவ்ளோ படிச்ச? அதுக்கு இங்கயே இருந்திருக்கலாமே” என்றார். அது கணினி மொழி என்று விளக்கினேன். தலையாட்டினார். அடுத்த வாரம் கோயிலில் யாரிடமோ, மகள் இந்தோனேசியா மொழியில் கம்பியூட்டர் வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நான் திருத்தவில்லை.

முதல் சில வருடங்கள் வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொன்னேன். பிறகு நிரல் எழுதக் கற்றேன், சுமாராகத்தான் எழுதினேன். பிறகு யாரும் விரும்பாத ஒரு வேலைக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் எழுதிய நிரல்கள் வாடிக்கையாளர் இடத்தில் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது. அங்கேதான் எனக்கு ஜாவா இயந்திரமும் மிஸ்டர் தேவாவும் ஒரே நாளில் அறிமுகமானார்கள்.

ஜாவா இயந்திரம் என்பது கம்பியூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்பியூட்டர் மாதிரி. நிரலை இது ஓட்டும். நிரல் வேலை செய்யும்போது மெமரியில் சாமான்களைப் போட்டுக்கொண்டே போகும். வேலை முடிந்ததும் எதையும் எடுத்து வைக்காது. வீட்டில் சிலர் இருக்கிறார்கள் அல்லவா, அப்படி. அதனால் ஜாவா இயந்திரமே அவ்வப்போது வந்து குப்பையை அள்ளும். சின்னச் சின்னதாக அள்ளும்போது யாருக்கும் தெரியாது. முழு வீட்டையும் கூட்ட வேண்டி வந்தால், எல்லாரையும் அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு அள்ளும். அதற்குத் துறையில் ‘உலகத்தை நிறுத்துதல்’ என்று பெயர். பெயர் கொஞ்சம் அதிகம்தான். எங்கள் விஷயத்தில் நின்றது கிள்ளானில் ஒரே ஒரு கேட்.

இயந்திரத்தைக் கிளப்பும்போது ஒரு வரி எழுதுவோம். எவ்வளவு மெமரி, எந்த விதமாகக் குப்பை அள்ள வேண்டும், நடந்ததை எங்கே எழுதி வைக்க வேண்டும் என்று எல்லாம் அந்த வரியில் இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஷன். பெரும்பாலான இடங்களில் அந்த வரி ரயில் மாதிரி நீண்டிருக்கும். யாரோ எங்கேயோ படித்து ஒன்றைச் சேர்ப்பார்கள்; அடுத்தவர் எடுக்கப் பயந்து இன்னொன்றைச் சேர்ப்பார்.

மிஸ்டர் தேவாவிடம் அது நடக்காது. தேவநேசன் என்பது முழுப்பெயர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த மெதடிஸ்ட் குடும்பம். இஸ்திரி போட்ட கைக்குட்டையை நாற்காலியில் விரித்து, அதன் மேல் உட்காருவார். எந்த வாடிக்கையாளர் இடத்திலும் கீபோர்டைத் தொடமாட்டார். பின்னால் உட்கார்ந்துகொண்டு என்னை அந்த வரியை வாசிக்கச் சொல்வார். கல்யாண வீட்டு வாசலில் நின்று வருகிறவர்களை விசாரிக்கும் பெரியப்பா மாதிரி ஒவ்வொன்றாக விசாரிப்பார்.

“இவர் யாரு?”

“சின்னக் குப்பை அள்றதுக்கு எத்தனை பேர்னு சொல்றவர், மிஸ்டர் தேவா.”

“யார் கூப்புட்டது?”

“தெரியல.”

“தெரியலன்னா சாப்பாடு போட்டு அனுப்பிடு.”

அப்படியானால் அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டு ஒரு வாரம் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஒரே நேரத்தில் இரண்டை எடுக்கக் கூடாது. எடுத்தால், சண்டை போட்டது எந்த விருந்தாளி என்று பிறகு தெரியாது.

அவரிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. சிஸ்டம் நின்றுபோனால் உடனே ரீஸ்டார்ட் செய்யக் கூடாது. “ரீஸ்டார்ட் பண்ணா பிரச்சினை போயிரும். காரணமும் அதுகூடவே பஸ் ஏறிரும்” என்பார். முதலில் லாக்கை, அதாவது இயந்திரம் நடந்ததை எழுதி வைத்த குறிப்பை, பிரதி எடுக்க வேண்டும். பிறகு இயந்திரத்துக்குள் ஓடும் ஒவ்வொரு வேலையும் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று ஒரு படம் எடுக்க வேண்டும். சற்று விட்டு இன்னொரு படம். இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் நிற்கிறவர் மாட்டிக்கொண்டவர். “ஓப்பிஸ்ல ரெண்டு தடவை எட்டிப் பாத்தா ரெண்டு தடவையும் காப்பி மெஷின்கிட்டயே நிக்கிறான் பாரு, அவன் மாதிரி” என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவரைக் காட்டியே விளக்கினார். அந்த ஒருவர் தீபன்.

தீபன் நிரலாளர். கெட்டிக்காரர், அதை அவரே நமக்குச் சொல்லிவிடுவார். தன் நிரலைப் பற்றி, “என் கோடு பட்டு மாதிரி இருக்கும்க்கா, கை வச்சா வழுக்கும்” என்பார். காலையில் நான் பையை மேசையில் வைப்பதற்குள் ஆரம்பிக்கும் பேச்சு, சாப்பாட்டு நேரத்தில்தான் மூச்சு விடும். உண்மையைச் சொன்னால், அவருக்குப் பக்கத்து மேசை கிடைத்ததை நான் ஒரு தண்டனையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளானில் ஒரு கன்டெய்னர் யார்டு எங்கள் வாடிக்கையாளர். லோரிகள் கேட்டுக்கு வரும். டிரைவர் எண்ணைச் சொல்வார். எங்கள் சிஸ்டம் சரிபார்த்துத் தடுப்பைத் தூக்கும். என் வீட்டுக்காரர் மாணிக்கம் அந்த கேட்டில் தினமும் இரண்டு மூன்று தடவை நுழைகிறவர். அவர் நுழையும் கேட்டை என் கம்பெனி பார்த்துக்கொள்கிறது என்பது எங்கள் வீட்டில் பல வருடச் சண்டைக்குப் போதுமான விறகு.

ஒரு வருடம், தீபன் எழுதிய புதிய பகுதி அந்த சிஸ்டத்தில் ஏறியது. சில நாட்களில் கேட் நிற்க ஆரம்பித்தது. தினமும் இல்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள், காலையில் லோரி நெரிசல் ஏறும் வேளையில், எல்லாத் திரைகளும் உறைந்துவிடும். ஒரு நிமிடம், சில நாள் அதற்கும் மேல். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். ஒரு நிமிடம்தானே என்று நினைக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் ஐந்து தடங்களிலும் லோரிகள் நிற்கும், பின்னால் வருகிறவை சாலைக்கு வழியும், சாலை ஜேமாகும், அது கலையப் பகலாகிவிடும். டிரைவர்களுக்கு நடைக்குத்தான் கூலி. வெயிலில் நிற்பதற்குக் கிடையாது.

மாணிக்கம் அங்கிருந்தே போன் அடிப்பார். எங்கள் சிஸ்டத்துக்கு அவர் வைத்த பெயர் ‘ஐயா’. “சாந்தி, ஒங்க ஐயா மறுபடியும் படுத்துட்டாரு. எழுப்பி விடுறியா, இல்ல நான் ஹார்ன் அடிக்கவா?”

குப்பை அள்ளும் விஷயத்தை அவருக்கு ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து, “நகராண்மைக் கழகம்கூட ஆள் எழும்பறதுக்கு முந்தி குப்பை அள்ளிட்டுப் போயிருது. ஒங்க ஆளு மட்டும் ஏன் ஜேம் நேரத்துல வர்றான்?” என்பார்.

யார்டின் மேலாளர் புவான் நோராய்னி, அதாவது திருமதி நோராய்னி. கண்டிப்பான பெண்மணி, நியாயமானவரும்கூட. குரலை உயர்த்தமாட்டார், அதனால்தான் பயம். “மாச்சாம் மானா?” என்பார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று பொருள். அந்த இரண்டு சொல்லுக்கு எங்கள் இயக்குநர் பத்துப் பக்கம் பதில் எழுதுவார். மூன்றாவது வாரம் புவான் தெளிவாகக் கேட்டுவிட்டார். புதிய பகுதி ஏறிய பிறகுதான் இது நடக்கிறது. எழுதியவரை என் வேலையிலிருந்து எடுங்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பதில் வேண்டும்.

தீபன் ஒப்பந்த ஊழியர். அந்த வேலையிலிருந்து எடுத்தால் அவருக்கு வேறு இடம் இல்லை என்று இயக்குநர் சாடையாகச் சொல்லிவிட்டார். தீபன் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம்.

தீபன் பேச்சை நிறுத்தினார். அதுதான் என்னைக் கலக்கியது. பட்டுக் கோடு பெருமை போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, தான் எழுதியதை முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் தானாகவே சொன்னார்: “என் தப்பாதான் இருக்கும்க்கா. எங்கயோ மெமரியைப் புடிச்சு வச்சிக்கிட்டு விட மாட்டேங்குறேன். எங்கன்னுதான் தெரியல.”

“தெரியாம எப்படி ஒத்துக்குறீங்க?”

“எல்லாரும் சொல்றாங்களே.”

அவர் பேசாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கும் என்று பல வருடம் நினைத்தவள் நான். அன்று பக்கத்து மேசையின் அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை காலை மிஸ்டர் தேவாவும் நானும் கிள்ளானுக்குப் போனோம். தீபனும் வந்தார், கடைசி இருக்கையில் வாயைத் திறக்காமல் வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகர அறை. ஏர்கோன் உறுமும், குளிராது. தேவா கைக்குட்டையை விரித்தார். நான் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக லோரிகள் தெரிந்தன.

“எல்லாரும் மெமரி பத்தலன்னு சொல்றாங்க. செர்வர் பெட்டியில மிச்சம் இருக்கறதையும் குடுத்துப் பாருங்கன்னு இயக்குநர் சொன்னாரு” என்றேன்.

“மொதல்ல நிக்கட்டும். அப்புறம் குடுக்கலாம்” என்றார் தேவா.

காத்திருந்தோம். சில காலைகளில் கேட் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். அன்று நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்பதரைக்கு மேல் நின்றது. திரை உறைந்தது. உடனே படம் எடுக்கும் கட்டளையைத் தட்டினேன். பதில் இல்லை. இயந்திரம் எல்லாரையும் நிற்க வைத்திருக்கும்போது படம் எடுப்பவனையும் நிற்க வைத்துவிடும். கேட் திரும்ப ஓடிய பிறகுதான் படமும் வந்தது. அதில் தீபனின் பகுதி ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தது.

பிறகு லாக்கைத் திறந்தேன். ஒவ்வொரு தடவை குப்பை அள்ளியதும் இயந்திரம் அதில் ஒரு வரி எழுதும். வரியின் கடைசியில் மூன்று எண்கள் வரும். முதல் இரண்டும் சேர்ந்தால், அள்ளுவதற்கு எவ்வளவு உழைப்புப் பிடித்தது என்று தெரியும். மூன்றாவது, சுவர்க் கடிகாரத்தில் எவ்வளவு நேரம் கடந்தது என்பது. வழக்கமாகப் பல பேர் சேர்ந்து அள்ளுவதால் உழைப்பு அதிகமாகவும் கடிகார நேரம் குறைவாகவும் இருக்கும். அன்று தலைகீழ். உழைப்பு மூன்று நான்கு வினாடி. கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல்.

இரண்டாவது முறை வாசித்தேன். பிறகு சத்தமாக வாசித்தேன்.

தேவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாலு வினாடி வேலை. மிச்ச நேரம் எங்க போனாரு?”

“எதுக்கோ காத்துக்கிட்டு இருந்திருக்காரு.”

“எதுக்கு?”

அந்தக் கேள்விதான் முழு வழக்கும். இத்தனை நாளும் குப்பை அதிகம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். குப்பை அதிகமில்லை. அள்ள வந்தவர் வாசலில் நின்றிருக்கிறார். அரசாங்க அலுவலகக் கவுண்டரில் நம் வேலை இரண்டு நிமிடம்தான். சாவி வைத்திருப்பவர் வெளியே போயிருப்பார், அப்படி.

கம்பியூட்டரில் நிஜ மெமரி போதாதபோது, கொஞ்ச நேரமாக யாரும் தொடாத சாமான்களை டிஸ்க்கில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். நம் வீட்டு அலமாரி நிறைந்தால் சிலதை ஸ்டோர் ரூமில் போடுவதுபோல. டிஸ்க், மெமரியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெது. சாதாரண நேரத்தில் அது உறுத்தாது. ஆனால் முழு வீட்டையும் கூட்டுகிறவர் ஒவ்வொரு சாமானையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். ஸ்டோரில் கிடப்பதை ஒவ்வொன்றாக இழுத்து வந்து, தொட்டுப் பார்த்து, அடுத்ததற்குப் போக வேண்டும். அதுவரை உலகம் நிற்கும்.

அப்படித்தானா என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. டிஸ்க்கிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று வினாடிக்கு ஒரு வரி காட்டும். ஒழுங்கான செர்வரில் அந்தப் பத்தி முழுக்கப் பூஜ்யம். அதை ஓடவிட்டு, அடுத்த முறைக்குக் காத்திருந்தோம். அன்று நெரிசல் அதிகம். நீண்ட நேரம் காக்க வைக்கவில்லை. பூஜ்யம், பூஜ்யம் என்று இறங்கிக்கொண்டிருந்த பத்தியில் திடீரென்று ஐந்து இலக்க எண்கள் கொட்ட ஆரம்பித்தன. அதே கணம் கேட் உறைந்தது. அதே கணம் என் போன் அடித்தது.

“சாந்தி, ஐயா படுத்துட்டாரு.”

“இருங்க, படுத்திருக்கறவரத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“பாத்துக்கிட்டே இருக்காத. கொஞ்சம் தட்டி விடு.”

போனை அணைத்தேன். பின்னால் தீபன் எழுந்து வந்து திரையைப் பார்த்தபடி நின்றார். அவர் மூச்சு விட்டது கேட்டது.

“வரியை வாசி” என்றார் தேவா.

கிளப்பும் வரியை முதலிலிருந்து வாசித்தேன். வழக்கம்போல ஒவ்வொருவரையும் விசாரித்தார். நான்கைந்து விருந்தாளிகள் போன பிறகு, மொத்தம் எவ்வளவு மெமரி என்று சொல்லும் ஆப்ஷன் வந்தது. பெட்டியில் இருந்த மெமரியில் கிட்டத்தட்ட எல்லாமே நமக்கு என்று எழுதியிருந்தது.

“இவரை யார் கூப்புட்டது?” என்று நானே கேட்டுவிட்டேன். வாய் பழக்கம்.

“நான்தான்” என்றார். “இந்தப் பெட்டி நமக்கு மட்டும்னு சொன்னாங்க. வீட்டுல வேற ஆள் இல்ல. எதுக்கு எடத்தை சும்மா விடணும்னு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “இப்ப வேற யாராச்சும் இருக்காங்களா, பாரு.”

பார்த்தேன். இருந்தார்கள். கேட்டில் கன்டெய்னர் எண்களைப் படம் பிடித்து வாசிக்கும் கேமரா மென்பொருள். எங்களுக்குச் சொல்லாமல் அதே செர்வரில் ஏற்றியிருக்கிறார்கள். தீபனின் பகுதி ஏறிய அதே வாரத்தில். இரவில் எங்கள் சிஸ்டம் சும்மா இருக்கும்போது, அது அன்றைய படங்களையெல்லாம் பரப்பிப் போட்டு வேலை செய்யும். இடம் போதாமல் எங்கள் சாமான் ஸ்டோருக்குப் போகும். காலை நெரிசலில் குப்பை சேர்ந்ததும் ஜாவா அள்ள வரும். அவ்வளவுதான் கதை.

திரும்பி வரும் வழியில், “பிரச்சினை கேமராவுலதான். நம்ம மேல ஒண்ணும் இல்ல. அப்படியே சொல்லிடலாம்” என்றேன்.

“கேமராவை ஏத்தச் சொல்லி கையெழுத்து போட்டது யாருன்னு நெனைக்கிற?” என்றார் தேவா.

புவான் நோராய்னியைத் தவிர அந்த யார்டில் யாரும் எதற்கும் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஆளை எடு என்று கேட்ட வாடிக்கையாளரிடம், தப்பு உங்களுடையது என்று சொல்லிவிட்டு எந்தக் கம்பெனியும் நிம்மதியாக இருந்ததில்லை. சொல்லாமல் விட்டால் தீபன் போவார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இயக்குநர் நீண்ட முன்னுரையைத் தொடங்கினார். தேவா மெதுவாகக் கையைத் தூக்கி, மலாயில் பேச ஆரம்பித்தார். மேசையில் இருந்த தண்ணீர்க் குவளைகளை வரிசையாக வைத்து, “இது ஏழு பேர் உட்காரும் வேன், புவான். ஏழு இருக்கையிலும் என் ஆட்களை நான் உட்கார வைத்துவிட்டேன். அது என் முடிவு. யாராவது ஏறுவார்கள் என்று ஓர் இருக்கையை விட்டிருக்க வேண்டும், விடவில்லை. பிறகு இன்னொரு குடும்பம் ஏறியது. இப்போது ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தத் தம்பி வேனில் கடைசியாக ஏறியவர்; அவர் இருக்கையில் அவர் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்” என்றார். பிறகு நான் எடுத்த எண்களைக் காட்டினார்.

புவான் எண்களைப் பொறுமையாகப் பார்த்தார். அந்த இன்னொரு குடும்பம் யார் என்று கேட்டார். “கேமரா” என்றார் தேவா. அதை ஏற்றச் சொன்னது யார் என்று புவான் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. புவான் மேலே சுற்றும் காற்றாடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மாக்கான் டுலு” என்றார். முதலில் சாப்பிடுவோம்.

என் அனுபவத்தில் இந்த நாட்டில் ஒரு வழக்கு தீர்ந்தது என்பதற்கு அதைவிட உறுதியான தீர்ப்பு கிடையாது. நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, கேமராவுக்குத் தனிச் செர்வர் வாங்க ஒரு மாதம் ஆகும் என்றார் புவான். அதுவரை என்ன செய்வீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“எங்க மெமரியை பாதியாக் குறைக்கலாம், புவான்.”

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். தீபன் தாங்கமாட்டாமல் தமிழில் சொன்னார்: “பாதியா? அக்கா, சாப்பிட உக்காந்தவன் எலைய ரெண்டா கிழிக்கிறீங்களே.” பல நாட்களுக்குப் பிறகு அவர் பேசிய முதல் உருப்படியான வாக்கியம்.

ஆனால் நான் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். குப்பை முழுதும் அள்ளிய பிறகு, உண்மையில் தேவையான சாமான் எவ்வளவு மிஞ்சுகிறது என்று லாக்கில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் மிஞ்சியது, நாங்கள் எடுத்துக்கொண்டதில் கால்வாசிகூட இல்லை. மிச்ச இடமெல்லாம் குப்பை சேர்த்து வைக்கத்தான் பயன்பட்டது. பாதி இடம் போதும். அடிக்கடி அள்ள வேண்டி வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் அள்ளுவது கொஞ்சம். ஸ்டோருக்குப் போக வேண்டியதும் இல்லை.

புவான் என் முகத்தைப் பார்த்தார். “குறைத்தால் வேகமாகுமா?”

“ஆகும்.”

“ஆகாவிட்டால்?”

நான் தேவாவைப் பார்த்தேன். அவர் மிகக் கவனமாக நெத்திலிப் பொரியலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தார். உதவ வரமாட்டார் என்று புரிந்தது.

“ஆகாவிட்டால் திங்கள்கிழமை நானே கேட்டில் நின்று தடுப்பைக் கையால் தூக்குகிறேன்” என்றேன்.

புவான் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை யார்டு மூடியிருந்தபோது அந்த ஓர் எண்ணை மாற்றினோம். வேறு எதையும் தொடவில்லை, தேவாவின் சட்டம். திங்கள்கிழமை காலை தகர அறையில் உட்கார்ந்தேன். லோரிகள் ஏறின. டிஸ்க் பத்தி பூஜ்யம், பூஜ்யம் என்று இறங்கியது. நெரிசல் உச்சத்துக்குப் போனது. லாக்கில் குப்பை அள்ளிய வரி ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது எண் ஒரு வினாடியைத் தொடவில்லை. நான் இமைப்பதற்குள் இயந்திரம் உலகத்தை நிறுத்தி, கூட்டி, திரும்ப ஓடவிட்டிருந்தது. தடுப்பு ஏறி இறங்கியது. ஜன்னல் வழியாக, மாணிக்கத்தின் சிவப்பு லோரி உள்ளே நுழைந்து வளைவில் மறைவதைப் பார்த்தேன். நிற்கவேயில்லை.

மதியம்வரை அங்கேயே இருந்தேன். எதுவும் நடக்கவில்லை. என் தொழிலில் அதற்கு மேல் ஒரு வெற்றி கிடையாது. எதுவும் நடக்காததை யாருக்கும் படம் எடுத்துக் காட்டவும் முடியாது.

தீபன் அதே கம்பெனியில் நிரந்தரமானார். மகள் பிறந்தாள். பேச்சு முழுதாகத் திரும்பி வந்தது, கொஞ்சம் வட்டியோடு. ஒரு வருடம் கழித்து, புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அவர் இந்தக் கதையைச் சொல்வதைக் கேட்டேன். அதில் டிஸ்க் பத்தியைக் கண்டுபிடித்தவர் அவர்தான். நான் ஏதோ போன் பேசிக்கொண்டிருந்தேனாம். மிஸ்டர் தேவா பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “போன் பேசுனது உண்மைதானே” என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குக் கொடுத்த நீதி. அந்த யார்டில் அவருக்கு மரியாதை கூடிவிட்டது. புதிதாக எந்த மென்பொருள் ஏற்றுவதானாலும் புவான் அவரைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்பார். ஒவ்வொரு முறையும் தேவா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வேனில் இப்போது எத்தனை பேர்?

ஆனால் அந்தத் திங்கள்கிழமை சாயந்திரத்தைத்தான் நான் சொல்ல வந்தேன்.

பூச்சோங்கில் எங்கள் வீட்டுக்கு நான் சீக்கிரமே வந்துவிட்டேன். மாணிக்கத்துக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தேன். அவர் வந்து, குளித்து, உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் விடாமல் போன் போட்டுக் கிண்டல் அடித்த மனிதர் இன்று என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு ஆவல். அவர் மழையைப் பற்றிச் சொன்னார். லோரியின் பின் டயர் தேய்ந்துவிட்டதைச் சொன்னார். குழம்பில் புளி சற்றுத் தூக்கல் என்றார். தட்டு காலியாகும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

“இன்னிக்கு கேட்டு எப்படிங்க இருந்துச்சு?”

அவர் கையைக் கழுவ எழுந்தவர், திரும்பி என்னைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

“எந்த கேட்டு?”